தேவைப்பட்டால் மட்டும்

விரலில் இருந்த எண்ணெய் எண்களை அழுத்த விடவில்லை.

நைட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மகளின் போன் திறந்துகொண்டது.

குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம். வெள்ளிக்கிழமை. காலாண்டு விடுமுறை. சற்று முன்தான் சஹானாவின் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்து உள்ளே அனுப்பியிருந்தாள். சீயக்காய் போட்டு அலசி வெளியே வர நேரமாகும்.

அந்த எண் மகளே சொன்னதுதான். போன் வாங்கிய அன்று. வச்சுக்கோம்மா, தேவைப்பட்டா மட்டும் என்றாள்.

தேவை என்பதை யார் முடிவு செய்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இன்றுவரை அவள் தொட்டதில்லை.

ஆனால் ஒரு வாரமாக, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் கவிழ்ந்தே கிடந்தது. என்னடி என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்றாள். எண்ணெய் தேய்க்கும்போதுகூட அந்தக் கழுத்து இளகிக் கொடுக்கவில்லை. இப்போது வாஷிங் மெஷின் மேல் போன் விடாமல் அதிர்ந்தது.

அவள் எதிர்பார்த்தது ஒரு பையனின் பெயரை.

ஜெசிந்தா என்று இருந்தது.

மகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். வீட்டுக்கு வந்தால் ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடிக்கிறவள்.

எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வந்தது.

அம்மா என் போனை எடுத்துப் படிச்சிட்டாங்க. எல்லாத்தையும்.

அப்பா வந்ததும் காட்டப் போறாங்களாம்.

போனைப் பிடுங்கிட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். தேனி பஸ் நிக்குது. ஏறிடலாம்னு இருக்கு.

இல்ல உங்க வீட்டுக்கு வரட்டுமா? உங்கம்மாகிட்ட சொல்லாத.

அவள் கடைசி வரியை இன்னொரு முறை படித்தாள். அதற்குள் அடுத்தது வந்து விழுந்தது.

பாத்துட்டல்ல. சொல்லுடி.

அப்போதுதான் உறைத்தது. இவள் படித்த கணமே அங்கே நீல டிக் விழுந்திருக்கும்.

ஜெசிந்தாவின் அம்மாவுடைய எண் அவளிடம் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் வாங்கியது. கூப்பிடலாம். கூப்பிட்டால் அந்தம்மா உடனே மகளைக் கூப்பிடுவாள். மகள் பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

அந்தம்மாவும் இப்படித்தான் நின்றிருப்பாள். கையில் போனோடு. காதைக் குளியலறைப் பக்கம் வைத்துக்கொண்டு.

குளியலறைக் கதவைப் பார்த்தாள். தட்டலாம். தட்டினால் போன் எப்படித் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி. புரியுது.

அந்த இரண்டு சொற்கள் திரையில் வந்ததும் அவள் யோசிக்கவில்லை.

வா.

அனுப்பிவிட்டாள். தன் தங்கைக்கு அனுப்புவதுபோல. தமிழில்.

அந்தப் பக்கம் எழுதுவது தெரிந்தது. நின்றது. மறுபடி எழுதியது.

ஆன்ட்டி?

பெயருக்குக் கீழே இருந்த ஆன்லைன் என்ற சொல் மறைந்தது.

திரையை மேலே தள்ளிப் பார்த்தாள். விரல் போன இடமெல்லாம் எண்ணெய்த் தடம். எவ்வளவு தள்ளியும் அங்கே ஒரு தமிழ் எழுத்து இல்லை.

கதவைத் தட்டினாள்.

தண்ணீர் நின்றது. கதவு ஒரு கையளவு திறந்தது. தலை முழுக்கச் சீயக்காய். நெற்றியில் வழிய, மகள் ஒரு கண்ணை மூடியிருந்தாள்.

"ஜெசிந்தா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாடி."

போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். மகள் படித்தாள். வரிவரியாகக் கீழே வந்தாள். அந்த வா-வில் கண் நின்றது.

இன்னிக்குத்தான், இதுதான் முதல் தடவை என்று சொல்ல அவளிடம் பதில் தயாராக இருந்தது.

மகள் அதைக் கேட்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். விரல்களில் சீயக்காய் குழம்பாக ஒட்டியிருந்தது.

"நீயே அடி. நான் சொல்றேன்."

அவள் அடித்தாள். ஆங்கில எழுத்தில். ஒவ்வொன்றாகத் தேடி.

"முதல்ல பன்னின்னு போடு."

"அவளையா?"

"போடும்மா. இல்லன்னா நம்ப மாட்டா."

போட்டாள். குளித்துக்கொண்டிருந்ததாக. அவசரத்தில் கீபோர்டு தமிழுக்கு மாறிவிட்டதாக. எந்த பஸ்ஸிலும் ஏறாதே, ஆட்டோ பிடித்து நேரே வீட்டுக்கு வா என்று. மகளின் குரலில் நடுக்கம் இல்லை. இத்தனை வேகமாக, இத்தனை இயல்பாக அவள் பொய் சொல்லி இவள் கேட்டதில்லை.

இருவரும் காத்திருந்தார்கள். உள்ளே வாளித் தண்ணீரில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. மகளின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சீயக்காய் எரிச்சலாக இருக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது.

வாய்விட்டுப் படித்தாள். "சத்தியமா நீதானா? உங்கம்மா பாக்கலையே?"

மகள் நிமிர்ந்தாள். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவளை நேராகப் பார்த்தாள்.

"இல்லன்னு அடி."

அடித்தாள். நான்கு எழுத்துகள்தான். விரல் வழுக்கியதில் இரண்டு முறை அழித்து அடிக்க வேண்டியிருந்தது. அனுப்பினாள்.

ஆட்டோ ஏறிட்டேன் என்று வந்தது. அதையும் படித்துச் சொன்னாள்.

மகள் தலையை அசைத்தாள். போனைக் கேட்கவில்லை.

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் வரட்டும் என்று அவள் அங்கேயே நின்றாள்.