கரைமேல் சில்வர் ஓக்

உண்ணிச்செடிப் புதருக்குள் குந்தியிருந்த செங்கோடனைக் கொசுக்கள் வரிசையில் நின்று கடித்தன. அவர் அசையவில்லை. இன்றைக்கு ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது.

எதிரே, ஓடைக்குக் குறுக்கே மண்கரை. மேட்டிலிருந்து பாயும் மழைவெள்ளம் கீழே உள்ள பன்னிரண்டு வீடுகளை அடித்துக்கொண்டு போகாமலிருக்கப் போன மாசியில் கட்டியது.

மழை பிடிக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை.

இஞ்சினியர் ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனார். கரைமேல் புல் வைக்கலாம், மரம் மட்டும் வைக்காதீர்கள். வேர் போன வழியே தண்ணீர் போகும், கரை உடையும்.

யாரிடம் சொல்கிறார்? காப்பித் தோட்டத்து ஜனங்களிடம். நாகலூர்ப் பக்கம் ஒரு ஆள் கால் மணி நேரம் ஆடாமல் நின்றால் முழங்காலில் மிளகுக்கொடியைக் கட்டிவிட்டுப் போவார்கள். செங்கோடனின் சித்தப்பா அப்படித்தான் பஸ்ஸுக்கு நின்று, அந்த வருஷம் ஒன்றரைக் கிலோ காய்த்தார்.

ஒரு மாதமாகத் தினமும் கரைமேல் புதிதாக, காப்பிக்கு நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் வைக்கிற சில்வர் ஓக் கன்றுகள். செங்கோடன் பிடுங்குவார். மறுநாள் அதே இடத்தில், நூல் பிடித்தாற்போல் நிற்கும்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸின் வேலைதான் என்று முடிவு கட்டி, அவர் கும்பிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சோறு தின்னும்போதெல்லாம் மனைவி தங்கம்மாவிடம் கன்று வைத்தவனின் வம்சத்தையே திட்டித் தீர்ப்பார். அவளும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

கீழ் வீட்டுக்காரர்களே சும்மா இருக்க, உனக்கென்ன எரிச்சல் என்று டீக்கடையில் கேட்டார்கள். பொதுக் காரியம் என்றார். அவர் வீடு மேட்டில். அங்கே வெள்ளம் ஏறினால் மலையடியில் சேலமே இருக்காது.

பனி விலகியது. கரைமேல் ஓர் உருவம் முட்டி போட்டுக் குழி பறித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நர்சரிப் பைகள்.

செங்கோடன் பாய்ந்து போய்க் களைக்கொத்தைப் பிடுங்கினார்.

தங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, நம்ம எஸ்டேட் சரிவெல்லாம் வேர் புடிச்சுத்தானுங்க நிக்குது? இது மட்டும் வெறும் மண்ணா எப்படீங்க நிக்கும்?"

முப்பது வருஷமாக எஸ்டேட்டில் கன்று ஊன்றிய கை. செங்கோடன் திட்ட வாயெடுத்தார். இருந்த வார்த்தைகளையெல்லாம் அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே ஏற்கெனவே சொல்லித் தீர்த்திருந்தார்.

"புல்லு வெக்கலாம் அம்மிணி. இஞ்சினியரே சொன்னாரு."

அவள் மனசில்லாமல் முதல் கன்றைப் பிடுங்கினாள்.

கீழே, கரையை ஒட்டிய முதல் வீட்டுக் கதவு திறந்தது. இளவரசி துடைப்பத்தோடு வெளியே வந்து, நெற்றியில் கை வைத்துக் கரையை அண்ணாந்து பார்த்தாள்.

இருவரும் சட்டென்று மண்ணோடு மண்ணாகக் குப்புறப் படுத்துக்கொண்டார்கள்.

சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்ட மகளோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.