காலிக் கட்டில்

பிணம் இல்லாமல் ஒப்பாரி வைக்கக் கூடாது. பழகுவதற்குக்கூட வெள்ளத்தாயி வீட்டுக்குள் பாட மாட்டாள், கண்மாய்ப் பக்கம் போய்விடுவாள். சொன்னால் யார் கேட்டார்கள்? கண்காணாத குளிர் நாட்டில், இருநாட்டு நட்புறவு விழா மேடையில், பார்க்க நன்றாயிருக்குமென்று மாலை போட்ட காலிக் கட்டிலை வைத்திருந்தார்கள்.

“ஆளில்லாமப் பாடுனா அது ஆளத் தேடும் சார்.”

“பிளேன் ஏறியும் உங்களுக்கெல்லாம் புத்தி மாறலையே!” என்றார் கூட்டிவந்த அதிகாரி. “மந்திரிங்க உக்காந்திருக்காங்க. பாடு. இல்லைன்னா உன் குழுவுக்கு இதோட சரி.”

பாடினாள். இரண்டாம் அடியிலேயே அந்த நாட்டுக் கிழ மந்திரி முன்வரிசையிலிருந்து எழுந்தார். தமிழில் ஒரு சொல் தெரியாத மனுஷன். மேடையேறி, ஷூவையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். கால் பெருவிரல்கள் இரண்டும் கட்டாமலே ஒட்டிக்கொண்டன. அரங்கம் கைதட்டியது.

“பிரமாதம்! நிறுத்திடாத!” என்றார் அதிகாரி.

நிறுத்தத்தான் பார்த்தாள். பிணத்தைத் தூக்கும்வரை நிறுத்தக் கூடாத பாட்டு அது, அவள் தொண்டை அவள் சொல் கேட்கவில்லை. கிழவரின் கண்கள் மட்டும் அவளையே பார்த்துக் கெஞ்சின.

“வாங்க, எல்லாருமா ஒரு போட்டோ எடுத்துக்கலாம்,” என்று அதிகாரி கூப்பிட்டார். வேண்டாமென்று பாடியபடியே தலையை ஆட்டினாள். இருநாட்டின் மற்ற மந்திரிகளும் சிரித்துக்கொண்டே ஏறிவந்து, ஆளுக்கொரு கட்டில்காலைப் பிடித்தார்கள்.

கட்டில் தோளுக்கு ஏறியது. வெள்ளத்தாயியின் பாட்டு தானாக நின்றது.