யார் பேரில் வெளியே போச்சு?

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டிய சமாச்சாரம்.

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கே கம்ப்யூட்டர்களுக்குக் காவல் ஒருவர். 'பூட்டு சார்' என்பார்கள், அவர் காதில் விழாமல். பாஸ்வேர்டு அடிக்கும்போது சுவரைக்கூட நம்பாமல் ஒரு கையால் மறைத்துக்கொள்வார்.

உள்ளேயிருந்து எது வெளியே போனாலும் அவருடைய ஃபயர்வாலைத் தாண்டித்தான் போகணும். அதன் வாசலில் ப்ராக்ஸி என்று ஒன்று. பேரும் பாஸ்வேர்டும் சொன்னால்தான் வழிவிடும்.

ரிப்போர்ட்டுகளைத் தானாகவே டாக்டர்களுக்கு அனுப்ப ஒரு சர்வர் வாங்கினார்கள். அதை அமைத்தவள் ஒரு சுருட்டை முடிக்காரி. சேர்ந்து இரண்டு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"சார், சர்வருக்கு ப்ராக்ஸியில ஒரு பேர் குடுத்தீங்கன்னா ரிப்போர்ட் போயிடும்."

"மனுஷனுக்கே யோசிச்சுத்தான் குடுப்பேன். மெஷினுக்கா?"

"டாக்டருங்க காத்திருக்காங்க சார்."

"காத்திருக்கட்டும். ஃபாரம் எழுதி வை."

எழுதி வைத்தாள், ஒன்றல்ல, மூன்று. மூன்றும் அவர் மேசையில் டம்ளருக்கு அடியில் கிடந்தன. ரிப்போர்ட்டுகள் பழையபடி காகிதமாக வண்டியில் போயின. வண்டி பஞ்சரான அன்று ஒரு கர்ப்பிணியின் ரிப்போர்ட் ஒருநாள் தள்ளித்தான் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு டாக்டர் போன் செய்தார். "இப்பல்லாம் ரிப்போர்ட் டாண்ணு வருதே, ரொம்ப சந்தோஷம்!"

போனை எடுத்தது பூட்டு சார். 'நான் பேரே குடுக்கலையே, எப்படிப் போகுது?'

பார்க்க வேண்டியது, எது எப்போது யார் பேரில் போனது என்று மெஷினே குறித்து வைக்கும் லாகை. அவர் பார்த்தது ஆளை. அன்று முழுக்க அவள் மேலேயே கண்.

அவள் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். ஒரு தாளை பிரிண்ட் எடுத்தாள். அவர் பக்கத்தில் வந்ததும் நான்காக மடித்துக் கைப்பையில் திணித்தாள்.

போதாதா? நேரே மேனேஜர் அம்மாவிடம் போனார்.

"மேடம், அந்தப் பொண்ணு ஃபயர்வால்ல ஓட்டை போட்டிருக்கா! ஒரு தாளை என்னைப் பார்த்ததும் மடிச்சுப் பையில ஒளிச்சா! நோயாளிங்க விவரமெல்லாம் எங்கெங்க போகுதோ! இன்னிக்கே அவளை வீட்டுக்கு அனுப்புங்க."

மேனேஜர் அம்மா கூப்பிட்டனுப்பினார். அவள் கையில் ஒரு ஃபைலோடு வந்து நின்றாள்.

"என்னம்மா ஒளிச்சு வச்சே?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"ஒண்ணுமில்லாததை யாராவது மடிச்சு வைப்பாங்களா? எடு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

அவள் பூட்டு சாரைப் பார்த்தாள். "சார், காட்டித்தான் ஆகணுமா?"

"ஏன், உதறுதா? காட்டு!"

"அப்போ முதல்ல நீங்களே பாருங்க."

கைப்பையிலிருந்து அவள் எடுத்த தாளை வாங்கிப் பிரித்தார்.

சர்வரின் லாக். ப்ராக்ஸிக்குக் கொடுத்திருந்த பேர் அவருடையது. கொடுத்தது புதன்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். முதலில் வெளியே போன ரிப்போர்ட் அவருடைய அம்மாவுடையது.

அம்மாவுக்கு அப்போது ரெண்டு நாளாக மூச்சுத்திணறல். ரிப்போர்ட் வந்தால்தான் மருந்தை மாற்றுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு ரிப்போர்ட்தானே என்று சர்வரில் தன் பேரைப் போட்ட மனுஷன், பதற்றத்தில் அதை எடுக்க மறந்துபோனார். அந்தக் கதவு வழியாகத்தான் அடுத்தவர்கள் ரிப்போர்ட்டும் போய்க்கொண்டிருந்தது.

தாளைச் சட்டென்று கவிழ்த்துப் பிடித்தார்.

"என்ன இருக்கு அதுல? குடுங்க இப்படி" என்று மேனேஜர் அம்மா கையை நீட்டினார்.

அவள் முந்திக்கொண்டு, தாளை அவரிடமிருந்து மெதுவாக வாங்கி மறுபடி மடித்தாள்.

"சார் பேருதான் மேடம். அவர் பேரைப் போட்டுப் பார்த்ததுல நல்லா வேலை செய்யுது. இனிமே சர்வருக்குன்னே தனியா ஒரு பேர் குடுத்துட்டா எல்லார் ரிப்போர்ட்டும் ஒழுங்கா போகும். சார் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

ஃபைலைத் திறந்தாள். வரும் வழியில் அவர் மேசையிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்த ஃபாரம். நடுவில் டம்ளர் வட்டம்.

அதை அவர் முன்னால் விரித்து, பேனாவின் மூடியையும் கழற்றி வைத்தாள்.