லவீனா தெரிவு செய்த புறொசெசர்

யாழ்ப்பாணத்துக் கணினிக் கடையில் இரண்டு புறொசெசர்களைக் கையில் வைத்துக்கொண்டு ஜெறோம் தடுமாறினான். அவன் மனைவி லவீனா கடைக்காரரிடம் கேட்டாள்.

"அண்ணை, உதிலை எது கூடச் சூடாகும்?"

"இடக்கையில இருக்கிறது தங்கச்சி. வேகமும் கூட."

"அப்ப அதையே வாங்குங்கோப்பா."

ஜெறோமுக்குத் தலைகால் புரியவில்லை. கணினி என்றாலே முகத்தைச் சுளிக்கிறவள் அவள்!

குருநகர் வீட்டில் புறொசெசரின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினான். லவீனா தினமும் விசாரித்தாள்.

"இண்டைக்கு எவ்வளவு சூடு?"

"அறுபது. எழுபதுக்கு ஏத்தட்டோ?"

"ஐயோ, வேண்டாம்! கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இருபத்தொரு நாள் நிப்பாட்டாமல் ஓடட்டும்."

தன் மனைவிக்கு இவ்வளவு தெரியும் என்று நண்பர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான் ஜெறோம்.

இருபத்தோராம் நாள் கணினிப் பக்கம் கீச்சுக் கீச்சென்று சத்தம்.

"ஃபேன் போச்சுது!" என்று திருப்புளியோடு ஓடினான்.

லவீனா முந்திக்கொண்டாள். கணினிக்குப் பின்னால், சூட்டுக்காற்று வரும் இடத்திலிருந்து பெட்டியொன்றை இழுத்துத் துணியை விலக்கினாள். உள்ளே ஒன்பது கோழிக்குஞ்சுகள்!

"எங்கடை கோழி அடை கிடக்குதில்லையெண்டு எத்தினை தரம் சொன்னனான், கேட்டனீங்களே?" என்றவள், கணினியைப் பாசத்தோடு தடவினாள்.

"அடுத்தது வான்கோழி. இருபத்தெட்டு நாள் தாங்குமோப்பா?"