எடுக்காத லூப்

"எடுத்து விடுங்கோ சிஸ்ரர்! இண்டைக்கே எடுத்து விடுங்கோ!"

மருமகள் சுதாஜினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உருத்திரபுரம் கிளினிக்குக்குள் நுழைந்தா அருந்ததி.

"கலியாணம் முடிச்சு நாலு வருசம். நான் தைச்ச பிள்ளைச் சட்டையள் அலுமாரிக்குள்ள கிடந்து மங்குது. கேட்டா, பிள்ளை இப்ப வேண்டாமாம். லூப் போட்டிருக்கிறாவாம்!"

பிள்ளைகளோடு இருந்த தாய்மார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுதாஜினி வாயே திறக்கவில்லை. நல்ல நெஞ்சழுத்தக்காரிதான் என்று சிஸ்ரர் தாட்சாயினிக்கும் பட்டது.

"அந்தரப்படாதேங்கோ அம்மா. அது கருப்பைக்குள்ள வைக்கிற சின்னச் செப்புச் சாமான். பத்து வருசம் இருந்தாலும் ஒண்டும் செய்யாது. வேண்டாமெண்டா ரெண்டு நிமிசத்தில எடுக்கலாம். எடுத்த அடுத்த மாசமே பிள்ளை தங்கலாம்."

"அடுத்த மாசமேயோ? என்ரை பிள்ளையாரே!"

அருந்ததி அந்த இடத்திலேயே மகனுக்குப் போன் எடுத்தா. "தம்பி லக்ஷன், இனி யோசியாதை. அடுத்த மாசமே தங்குமாம்!"

திரைக்குப் பின்னால் கையுறையை மாட்டிக்கொண்டே சிஸ்ரர் கேட்டா. "மாமி பாவமெல்லோ பிள்ளை? உமக்கு ஆசையில்லாட்டி அவவுக்கும் இருக்கக் கூடாதோ?"

"எனக்கு ஆசையில்லையோ?" சுதாஜினிக்குக் குரல் உடைந்தது. "வெளியில ஒரு பிள்ளை அழுதாலே ஓடிப்போய்த் தூக்கச் சொல்லுது மனம், சிஸ்ரர். ஏன் அடுத்த மாசமே எண்டு சொன்னனீங்கள்? இனி நான் என்னத்தைச் சொல்லிச் சமாளிக்கிறது?"

"ஏன், எடுத்தால்..."

"எடுக்கிறதுக்கு ஒண்டுமில்லை. நான் லூப்பே போடேல்லை."

சிஸ்ரர் குரலைத் தாழ்த்தினா. "உம்மிலை குறையெண்டா ஒளிக்கிறதே பிள்ளை? வைத்தியம் இருக்குத்தானே."

"பெரியாஸ்பத்திரியில ரெண்டு பேரையும் சோதிச்சவை. எனக்கு ஒரு குறையும் இல்லையாம்." சுதாஜினி கண்ணைத் துடைத்தாள். "அண்டைக்கு வயலுக்க போயிருந்து அழுத மனிசன் சிஸ்ரர். ஊர்வாயில அவரை விழவிடமாட்டன். பிள்ளை வேண்டாமெண்டவள் எண்டு என்னையே பேசட்டும்."

சிஸ்ரர் கையுறையைக் கழற்றினா. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தா.

"இண்டைக்கு ஒண்டும் எடுக்கேல்லை அம்மா. பிள்ளை விசயம் அவை ரெண்டுபேரும் சேர்ந்து முடிவெடுக்கிறது."

அருந்ததிக்கு முகம் கறுத்துப் போனது. கிளினிக் முழுக்கக் கேட்க மருமகளைப் பார்த்துக் கத்தினா.

"கல்நெஞ்சுக்காரி! உனக்கு என்ரை மகனிலை ஒரு துளி பாசமாவது இருக்கோடி?"