பத்தியச் சாப்பாடு

"நேத்து சாப்பிட்டதை ஒண்ணு விடாம சொல்லுங்க ஐயா," என்றார் டாக்டர்.

"காலையில ஓட்ஸ் கஞ்சி. மத்தியானம் வேகவெச்ச பீன்ஸ், ஒரு கைப்பிடி சோறு. ராத்திரி ஆப்பிள், அதுவும் பாதிதான்," என்றார் முதியவர்.

"இவ்வளவு பத்தியமா இருந்துமா சர்க்கரை முந்நூறு? அப்ப மாத்திரை போதாது. இனிமே ஊசிதான்."

"ஊசியா?" முதியவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "நான் சொன்னது சத்தியம் டாக்டர். வேணும்னா இவளையே கேளுங்க."

டாக்டர், முதியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் மணிக்கட்டிலிருந்து நழுவிய வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"ஒரு பருக்கைகூடப் பொய் இல்ல டாக்டர். மருமக இவருக்குன்னு சமைச்சது அத்தனையும் காலியாச்சு. அவ அந்தப் பக்கம் திரும்பினதும் இவர் தட்டை மாத்திடுவார். சாப்பிட்டதுதான் நான்."