கேள்வி கேட்கும் பள்ளி

வான்கோழி ஒன்று, பறவைக் குஞ்சுகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. 'இங்கே குழந்தைகள் பயமில்லாமல் கேள்வி கேட்பார்கள்' என்று வாசலில் பெரிதாக எழுதியும் வைத்தது. அதுதான் பள்ளியின் முதல் கொள்கை.

பெற்றோர் பார்வையிட வரும் நாளுக்காக, ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் மனப்பாடம் செய்ய வைத்தது. மைனாக் குஞ்சுக்குக் கிடைத்தது, "வானம் ஏன் நீலமாக இருக்கிறது?"

அந்த நாளும் வந்தது. எழுந்து நின்ற மைனாக் குஞ்சுக்குக் கேள்வி மறந்துபோயிற்று. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டது.

"மிஸ், பூனை வந்தா எப்படிப் பறந்து தப்பிக்கிறது?"

"ஆஹா, அருமையான கேள்வி!" என்ற வான்கோழி, சிரிப்பு மாறாமல் அடுத்த குஞ்சைக் கூப்பிட்டது.

"எம் புள்ள எப்படிக் கேக்குது பாத்தீங்களா?" என்று அம்மா மைனா பக்கத்திலிருந்த காக்காவிடம் பூரித்தது.

மறுநாள் மைனாக் குஞ்சு வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து, 'வானம் ஏன் நீலமாக இருக்கிறது?' என்று நூறு தடவை எழுதிக்கொண்டிருந்தது. நாற்பதாவது தடவை எழுதும்போது மதிலிலிருந்து பூனை குதித்தது.

"மிஸ்! பூனை வந்திருச்சு! நான் இப்ப என்ன பண்றது?"

வான்கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேள்வி கேக்கிறதுக்கு முன்னாடி இறக்கையைத் தூக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"